வராதவள் இடம்

தொற்றுக்காகப் பூட்டியிருந்த மைதானத்தைத் திறந்துவிடலாம், ஆனால் பாதுகாப்புக்குப் பொறுப்பாக அணியில் ஒருவர் இருக்க வேண்டும் என்று நகராட்சி அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. எங்கள் வாலிபால் அணிக்கு அக்காதான் கேப்டன். எல்லோரையும் ஒரே போனில் சேர்த்துக்கொண்டு, பஸ்ஸில் நிறுத்தம் சொல்லும் அதே குரலில் அதை வாசித்தாள். அவள் வேலை பார்ப்பது பஸ் கண்டக்டராக.

"பொறுப்பா ஒருத்தர் வேணுமாம். யாரு?"

"இதென்ன கேள்வி? நம்ம சட்டாம்பிள்ளை எதுக்கு இருக்கா?" என்றாள் வீட்டில் துணி தைக்கும் டெய்லர்.

சட்டாம்பிள்ளை நான்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் வலையின் உயரத்தை டேப் வைத்து அளந்து பார்ப்பேன். நடுவர் அளந்த பிறகும் அளப்பேன். அதற்காக வைத்த பெயர். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். மாலையில் தொழிற்பாதுகாப்பு என்று ஒரு வகுப்புக்குப் போகிறேன். இது போதும் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். நாங்கள் அதுவரை படித்திருந்தது ஏணியும் தீயணைப்புக் கருவியும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். தொற்றுநோயை அடுத்த பருவத்துக்கு வைத்திருந்தார்கள். அது பாடத்திட்டத்தைப் பார்க்காமல் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"ஏணில ஏறத் தெரிஞ்சவளுக்கு இது பெரிய விஷயமா?" என்றாள் டெய்லர். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒப்புக்கொண்டேன். மறுக்கத் தெரிந்திருந்தால் எனக்கு இந்த வேலையே வந்திருக்காது.

என் பயம் மைதானத்தைப் பற்றி அல்ல, வீட்டைப் பற்றி. அப்பா முப்பது வருஷம் மாவு மில்லில் வேலை பார்த்தவர். அந்த மாவு பாதி ஊருக்குப் போனது, மீதி அவர் நுரையீரலுக்குப் போனது என்று அவரே சொல்வார். மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு தடவை நின்று, ஏதோ யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு மீண்டும் ஏறுவார். தொற்று ஆரம்பித்த வாரத்திலேயே டாக்டர் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இவருக்கு வந்தா தாங்க மாட்டார். வர விடாதீங்க."

அதனால் அக்காவிடம் சொன்னேன், நாம் இரண்டு பேரும் இந்தத் தடவை ஒதுங்கிக்கொள்ளலாம் என்று. அக்கா பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அப்பா சொன்னார்.

"போங்கம்மா, போய் ஆடுங்க. மாசக்கணக்கா இந்த ஹால்ல நீங்க சர்வீஸ் போட்டது போதும். சுவர்க்கடிகாரம் போச்சு, பல்பு போச்சு. அடுத்தது நான்தான்."

"அப்பா, வெளையாட்டில்ல இது."

"வெளையாட்டுத்தான். அதுக்குத்தானே போகச் சொல்றேன்."

வேலைக்கு எப்படியும் போகிறோம், திறந்த வெளியில் ஆடுவது அதைவிட மோசமா என்றாள் அக்கா. அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். அப்பாவுக்குச் சின்ன சந்தேகம் வந்தாலும் இருவரும் அன்றே நிறுத்திவிட வேண்டும். அக்கா கையை நீட்டினாள். தொடக்கூடாது என்பதால் முழங்கையை முழங்கையோடு இடித்துக்கொண்டோம்.

விதிகளை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அணியை நான்கு நான்கு பேராகப் பிரித்தேன். ஒவ்வொரு நால்வருக்கும் தனிப் பந்து, மைதானத்தில் தனி மூலை. ஒரு கூட்டத்து ஆள் இன்னொரு கூட்டத்துப் பந்தைத் தொடக்கூடாது. பந்துகள் கலந்துவிடாமல் இருக்கச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று நாடா ஒட்டினேன். வாசலில் நான் நின்று மூன்று கேள்வி கேட்பேன்: காய்ச்சல் இருக்கா, இருமல் இருக்கா, வாசனை தெரியுதா. யாராவது ஒருத்தி சந்தேகமாகப் பதில் சொன்னால் அந்த நான்கு பேரும் இரண்டு வாரம் வீட்டில். இந்தக் கடைசி விதியில்தான் எனக்கு அதிகப் பெருமை. எழுதிவிட்டுத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை.

யாரை யாரோடு சேர்ப்பது என்பதுதான் சிக்கலாக இருந்தது. குருவி என்று ஒருத்தி இருக்கிறாள். குட்டை உருவம். பந்து எங்கே விழப்போகிறதோ அங்கே தத்தித் தத்திப் போய் நின்று, அடிப்பவள் கைக்கு வாகாக அதைத் தூக்கிக் கொடுப்பாள். அவள் இல்லாவிட்டால் அக்காவின் அடி பாதி காற்றில்தான் போகும். குருவிக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில். காய்ச்சல் வார்டுத் துணியெல்லாம் அங்கேதான் வரும்.

ஒவ்வொருத்தியாக எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். "என்னை எந்தக் கூட்டத்துல வேணும்னாலும் போடு, ஆனா…" "எனக்கு ஒண்ணும் இல்ல, வீட்ல மாமியார்தான்…" "தப்பா நினைக்காதே, குருவி நல்ல பொண்ணுதான், இருந்தாலும்…" யாரும் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கிற வேலையையும் எனக்கே விட்டிருந்தார்கள்.

அக்காவிடம் காட்டினேன். அவள் யூனிபார்ம் சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளை நம்ம கூடப் போடு."

"அப்பா இருக்காரே, அக்கா."

"ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு வாராவாரம் டெஸ்ட் எடுக்கிறாங்க. துணிய கையுறை போட்டுத் தொடுறா. நான் நாள் பூரா பஸ்ல நிக்கிறேன். மூக்குக்குக் கீழ மாஸ்க்கை இறக்கிவிட்டுட்டு எங்கிட்ட ஸ்டாப்பிங் கேக்குறானுங்க. எனக்கு யாரு டெஸ்ட் எடுக்கிறா? நியாயமா பார்த்தா அவதான் என்னைப் பார்த்துப் பயப்படணும்."

அப்படித்தான் அக்கா, நான், குருவி, டெய்லர் நால்வரும் மஞ்சள் கூட்டம் ஆனோம். டெய்லரை மட்டும் நான் கேட்டுவிட்டுத்தான் சேர்த்தேன். "எனக்கென்னடி பயம்? தனி ஆளு. வீட்ல ஒரு மெஷின், ஒரு பூனை. ரெண்டும் இருமாது" என்றாள்.

முதல் நாள் மைதானத்தில் புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. கோடுகள் எங்கே இருந்தன என்று தேடவேண்டியிருந்தது. நாங்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தோம். கொஞ்சம் ஓடியதும் ஆளுக்கொரு திசையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் சுண்ணாம்பால் போட்டிருந்த வட்டங்களுக்குள் ஒவ்வொருத்தியும் நிற்க, பந்து மட்டும் வட்டத்துக்கு வட்டம் போனது. இடைவேளையில் பந்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். சரியாகக் காயவில்லை போலிருக்கிறது. அக்கா ஓங்கிப் போட்ட சர்வீஸ் கையிலிருந்து வழுக்கி, பின்னால் நின்ற டெய்லரின் தோளில் விழுந்தது.

"சட்டாம்பிள்ளை! கிருமிக்குப் பதிலா நீயே ஆளைக் கொன்னுடுவே போலிருக்கே!"

குருவி தன் வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. சிரித்து முடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. "எத்தனை மாசமாச்சு, என்னைக் கண்டதும் யாரும் விலகாம நின்னு. இங்க எல்லாரையும் தள்ளி நிக்க வச்சிட்டே. நல்லாயிருக்கு" என்றாள். நான் பந்தை இன்னொரு தடவை துடைத்தேன்.

வீட்டிலும் ஓர் ஒழுங்கு வைத்தோம். செருப்பு வெளியே, துணி வாளிக்குள், குளித்த பிறகுதான் ஹால். அப்பாவுக்கு முன்னறை, அதற்கு மட்டும் தெருப்பக்கம் பெரிய ஜன்னல். அவர் தட்டு, அவர் டம்ளர், அவர் துண்டு. அவர் கதவைத் தாண்டி நாங்கள் போவதில்லை. "ராஜ உபசாரம்" என்பார். "ராஜாவை சிறையில வச்சிருக்கீங்க, அதுதான் ஒரு குறை."

இப்படியே ஓடியது. மாதக் கடைசியில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியோடு ஓர் ஆட்டம், பார்வையாளர் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் வந்தது. அன்றைக்குக் குருவி லீவு போட்டுவிட்டதாக மூன்று தடவை சொன்னாள். அவள் விடுதி அறையில் தனியாக இருப்பவள். வேலை, அறை, மைதானம் தவிர அந்த வருஷம் அவளுக்கு வேறெதுவும் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் அணியின் ஒரு பழைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். 'வராதவள் வெளியே.' பயிற்சிக்கு ஒரு நாள் வராவிட்டாலும் அடுத்த ஆட்டத்தில் அவள் இடம் இன்னொருத்திக்குப் போகும். கேப்டன் ஆனபோது அக்கா கொண்டுவந்தது. கல்யாணம், பரீட்சை, பல்வலி எதுவும் செல்லாது. ஒருமுறை அவளுடைய பஸ்ஸே பழுதாகி அவளால் வர முடியவில்லை. தன்னையே வெளியே உட்கார வைத்துக்கொண்டாள், நாங்கள் தோற்றோம். அதிலிருந்து அந்த வழக்கத்தை யாரும் கேள்வி கேட்டதில்லை. விதிகளை எழுதும்போது எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை. தெருவில் கூரைகளை எண்ணும்போது தன் தலைக்கு மேலே இருக்கும் கூரையை விட்டுவிடுகிற மாதிரி.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஹாலில் உட்கார்ந்து வகுப்புக்கு ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டே போனில் பஸ் டிப்போவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா கருகுது?" அப்பாவின் குரல், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

எனக்கும் அப்போதுதான் நாற்றம் எட்டியது. எழுந்து போனேன். பால் பொங்கி வழிந்து, பர்னரைச் சுற்றிக் கறுப்பாகக் காய்ந்து, பாத்திரத்துக்குள் மிச்சமிருந்தது அடிப்பிடித்துப் புகைந்துகொண்டிருந்தது. அக்கா அதற்குப் பக்கத்தில், ஜன்னலைப் பார்த்தபடி நின்றிருந்தாள். புகை அவள் தோளைத் தாண்டித்தான் போனது. நான் கையை நீட்டி அடுப்பை அணைத்த பிறகுதான் திரும்பினாள்.

"ஐயோ, பேச்சுல கவனிக்கலடி."

முன்னறையில் இருக்கும் நோயாளி கவனித்துவிட்டார், இவள் கவனிக்கவில்லை. நான் வெங்காயம் ஒன்றை எடுத்து இரண்டாக நறுக்கி அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை. பின்வாங்கி, பின்கதவைத் திறந்து வெளியே போய்த் துவைகல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் மாஸ்க்கைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றேன்.

"எப்போதிலிருந்து?"

"வெள்ளிக்கிழமை."

"நேத்து மைதானத்துக்கு வந்தே. வாசல்ல நான் கேட்டேன்."

"கேட்டே."

"இல்லன்னு சொன்னே."

"எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க? நீ வாயத் திறக்கிறதுக்கு முன்னாடியே 'இல்ல, இல்ல, தெரியுது'ன்னு பாட்டு மாதிரி சொல்லிட்டு உள்ள போறோம். நீயும் சரின்னு தலையாட்டுறே."

அது உண்மைதான். கேள்விக்கு முன்பே பதில் வந்துகொண்டிருந்தது. அணி நன்றாகப் பழகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

"அப்பாவை நினைச்சியா, அக்கா?" குரல் உள்ளே போய்விடக்கூடாது என்று மெல்லக் கேட்டேன்.

"அவரைத் தவிர வேற யாரை நினைச்சேன்? வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தக் கதவுப் பக்கமே போகல. சாப்பாட்டை நீதானே வச்சே? மாஸ்க்கைக் கழட்டல. ராத்திரி இங்கதான் படுத்தேன், புழுக்கம்னு சொல்லிட்டு." அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "சளின்னு நினைச்சேன். நினைக்கணும்னு நினைச்சேன். நான் ஒரு வார்த்தை சொன்னா நாலு பேரும் ரெண்டு வாரம் வீட்ல. அது உன் சட்டம். ரெண்டு வாரம் வராதவ ஆட்டத்துல இல்ல. அது என் சட்டம். குருவி அந்த ஒரு நாளுக்காக உசிரைப் பிடிச்சிட்டிருக்கா. ஊரே அவளைப் பார்த்து ஒதுங்கிச்சு. கடைசியில என்னால வெளியே உட்காரணுமா அவ?"

ஓட்டை இல்லை என்று வாசித்து வாசித்துப் பார்த்த விதியில், ஓட்டையே வாசலாக இருந்திருக்கிறது. உண்மை சொல்பவளுக்கும் அவள் தோழிகளுக்கும் தண்டனை. பொய் சொல்பவள் உள்ளே போகலாம்.

முன்னறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"திறக்காதீங்கப்பா!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

கதவு நின்றது. பிறகு அப்பா கேட்டார், "யாருக்கு?"

"எனக்குப்பா," என்றாள் அக்கா.

"சரி." கதவு மூடியது. உள்ளிருந்து, "பயப்படாதே கண்ணு. அந்தப் பாத்திரத்தை ஊற வை" என்றார்.

அன்றே டெஸ்ட் எடுத்தோம். அக்காவுக்கு இருந்தது. எனக்கும் அப்பாவுக்கும் இல்லை, ஆனால் சில நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், இப்போது தெரியாமல் இருக்கலாம் என்றார்கள். அக்கா பின்னறைக்குப் போனாள். நான் நடுவில், அடுப்படியில் பாய் விரித்துக்கொண்டேன். ஒரே குளியலறை, அக்கா கடைசியில், அதன் பிறகு நான் கழுவி ஜன்னலைத் திறந்து வைப்பேன். அக்காவும் அப்பாவும் ஒரே வீட்டுக்குள் போனில் பேசிக்கொண்டார்கள். போன் என்றாலே அப்பா உரக்கப் பேசுவார். அவர் பேசியது போன் இல்லாமலேயே அவளுக்குக் கேட்டிருக்கும்.

மஞ்சள் கூட்டத்துக்கு நான்தான் சொல்ல வேண்டும். முதலில் குருவியைக் கூப்பிட்டேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் துணி துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

"கேப்டன் எப்படி இருக்காங்க?"

"மூச்சு நல்லா இருக்கு. உடம்பு வலி. குருவி, அந்த ஆட்டம்…"

"ம்." என்றாள். பிறகு, "ஆஸ்பத்திரியிலிருந்து வரும்னு எல்லாரும் என்னையே பார்த்துட்டிருந்தீங்க. அது பஸ் ஏறி வந்துடுச்சு" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "லீவை மாத்திக்கணும். வச்சிடட்டுமா?" என்று வைத்துவிட்டாள்.

டெய்லர் உடனே, "எனக்கும் போன வாரம் தொண்டை ஒரு மாதிரி இருந்துச்சுடி. ரெண்டே நாள்தான். சொன்னா உங்களுக்கெல்லாம் கஷ்டமேன்னு…" என்று இழுத்தாள்.

மற்றக் கூட்டங்களுக்கும் சொன்னேன். அதன் பிறகு மாலை முழுவதும் போன் ஓயவில்லை. முதல் வாரத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்ததாகப் பள்ளிக்கூட டீச்சர் சொன்னாள். அடகுக்கடையில் இருப்பவள், தன் தம்பிக்கு இருமல் இருந்ததாகவும், கேள்வி தன்னைப் பற்றி மட்டும்தான் என்பதால் இல்லை என்று சொன்னதாகவும் விளக்கினாள். "அது பொய் இல்லையே?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "எனக்கு நேத்து மூக்கு அரிச்சுது, அது கணக்குல வருமா?" என்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கேட்கக் கேட்க, இத்தனை நாள் யாருக்கும் எதுவும் ஆகாமல் இருந்தது என் விதிகளால் அல்ல, காற்றாலும் அதிர்ஷ்டத்தாலும்தான் என்று தோன்றியது. இப்போதும் எனக்கு அது நிச்சயமாகத் தெரியாது.

அப்பாவிடம் மூன்று சிறு பந்துகள் வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி இருந்தது. நுரையீரலுக்காக டாக்டர் கொடுத்தது. குழாயை வாயில் வைத்து மூச்சை உறிஞ்சினால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பும். காலையில் ஜன்னலுக்கு வெளியே, தெருவில் நான் நின்றுகொள்வேன். அவர் உள்ளே உறிஞ்சிக் காட்டுவார். மூன்றும் எழும்பினால் நான் கடைக்குப் போகாத அந்த நாட்களில் எனக்கு அன்றைய வேலை முடிந்தது மாதிரி.

"பார், நானும் பந்து தூக்கறேன். குருவிகிட்ட சொல்லு, அவ இடத்துக்கு ஆள் ரெடி."

அந்த வாரத்தின் நடுவில் ஒரு காலை, மூன்றாவது பந்து எழும்பவில்லை. இரண்டாவது பாதிவரை வந்து நடுங்கிவிட்டு விழுந்தது. அப்பா குழாயை எடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் கருவியைத் தட்டிப் பார்த்தார், கோளாறு அதில் இருப்பதுபோல்.

"இன்னொரு தடவைப்பா."

உறிஞ்சினார். இரண்டு மட்டும்.

தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தேன். சட்டாம்பிள்ளைத்தனம் எல்லாம் எங்கோ போய்விட்டது. எனக்கு ஓடிப்போய் அவர் முதுகைத் தடவ வேண்டும் போல இருந்தது. அந்த ஒன்றைத்தான் செய்யக்கூடாது. விரலில் மாட்டும் கருவியை மாட்டச் சொன்னேன். ஆக்சிஜன் எண் குறையவில்லை. காய்ச்சல் இல்லை. இரவு சரியாகத் தூங்கவில்லையாம். படுக்கையிலிருந்து எழுந்த உடனே செய்திருக்கிறார்.

"ஏன் தூங்கல?"

"அவ அந்தப் பக்கம் அழுதுட்டிருந்தா. நான் கேட்டுட்டே கிடந்தேன். எழுந்து போனா நீ திட்டுவே."

பத்து நிமிடம் நாற்காலியில் நேராக உட்காரச் சொன்னேன். மறுபடி உறிஞ்சினார். மூன்றாவது பந்து மெதுவாக, மனசில்லாமல், மேலே வந்தது. அன்றே இரண்டாவது டெஸ்ட்டுக்குச் சொல்லி, ஆள் வந்து ஜன்னல் வழியாகவே எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மாலை முடிவு வந்தது. அப்பாவுக்கு இல்லை. எனக்கும் இல்லை. குருவிக்கும் டெய்லருக்கும் இல்லை.

பின்னறைக் கதவருகே போய் அக்காவிடம் சொன்னேன். "எல்லாரையும் போன்ல கூப்பிடு. கேப்டன் பேசணும்னு சொல்லு" என்றாள்.

அவள் குரல் கரகரத்தது. இருமலுக்கு நடுவே நடுவே நிறுத்திப் பேசினாள்.

"வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும். சொல்லாம வந்தேன். உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். 'வராதவ வெளியே'ன்னு நான்தான் சட்டம் போட்டேன். நானே எடுக்கறேன். உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு வீட்ல இருக்கிறவ இடம் அவளுக்கே. அவ கூட்டத்துல இருக்கிற மத்தவங்க இடமும் அவங்களுக்கே. ஆள் போதலன்னா ஆட்டத்தைத் தள்ளி வைப்போம். தள்ளி வைக்க முடியலன்னா தோப்போம்."

"அப்ப நான் நிரந்தரமா வீட்ல உட்கார்ந்தே ஆடலாம்னு சொல்லுங்க," என்றாள் டெய்லர்.

"இப்பவும் நீ அப்படித்தான் ஆடுறே," என்றாள் குருவி. அந்த வாரத்தில் நான் கேட்ட முதல் முழுச் சிரிப்பு அது.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணி பெருந்தன்மையாகத் தேதியை மாற்றிக்கொண்டது. அவர்கள் அணியிலும் இரண்டு பேருக்கு 'சளி'யாம். நான் என் விதிகளில் வாசலில் நின்று கேட்பதை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாகப் பயிற்சி நாளன்று மதியம் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, "எப்படி இருக்கே?" என்று கேட்கிறேன். பதில் வர நேரமாகிறது. சிலர் வீட்டுச் சண்டையிலிருந்து தொடங்குகிறார்கள். கண்ணாடிக் கடை முதலாளி என்னை முறைக்கிறார். இது முறைப்படி சரியா என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது, இன்னும் கேட்கவில்லை.

அக்கா குணமான பிறகு மஞ்சள் கூட்டம் மைதானத்துக்குத் திரும்பும் நாள் வந்தது. மாற்றிவைத்த ஆட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மதியம் கூப்பிட்டபோது நால்வரும் நன்றாகத்தான் இருந்தோம். அக்கா கொஞ்சம் இளைத்திருந்தாள். படியில் நடுவில் நின்று, அப்பா மாதிரியே ஏதோ யோசிப்பதாகப் பாவனை செய்தாள். குருவி எங்களுக்கு முன்பே வந்து வலைக்கம்பத்தில் சாய்ந்து நின்றாள். நான் பந்தை நன்றாகக் காயவைத்து எடுத்து வந்திருந்தேன்.

டெய்லர் கடைசியாக வந்தாள். வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, உள்ள வா."

"இல்ல." அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "மதியம் நல்லாத்தான் இருந்துச்சு. வர்ற வழியில கரகரங்குது. ஒண்ணுமில்லாமக்கூட இருக்கலாம். ஐஸ் தண்ணி குடிச்சேன், அதுவாக்கூட இருக்கலாம்." எங்கள் மூவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளிடமிருந்து எப்போதும் வரும் கிண்டல் எதுவும் வரவில்லை. "நான் போயிடறேன். ஆனா நான் போனா நீங்களும்…"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா குருவியைப் பார்த்தாள்.

குருவி என் கையிலிருந்த பந்தைப் பார்த்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அதைத் தொட வருபவள்போல் விரல்களை விரித்தாள். பிறகு கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

"போ டெய்லர்," என்றாள். "போய் டெஸ்ட்டுக்குச் சொல்லு. உன் இடத்துல பூனையை ஆட விடமாட்டோம்."

டெய்லர் சிரித்தாள், கண் கலங்கியது, திரும்பி நடந்தாள். குருவி எங்களுக்குக் கையசைத்துவிட்டு விடுதிப் பக்கம் போனாள். நானும் அக்காவும் ஒரு சர்வீஸ்கூடப் போடாமல், ஓர் ஆள் இடைவெளி விட்டு, வீட்டுக்கு நடந்தோம். தெருமுனை திரும்பும்போது அக்கா, "குருவி நல்லா தூக்கிக் கொடுத்தா," என்றாள்.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, அதுக்குள்ள? மழையா அங்க?"

"டெய்லருக்குத் தொண்டை கரகரங்குதாம்ப்பா. வாசல்லயே சொல்லிட்டா."

"சொல்லிட்டாளா!" என்றார் அப்பா. அவர் முகம் மலர்ந்தது. எழுந்து, மூச்சு வாங்காமல் இருக்க மெதுவாக நடந்து, நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் தன் அறைக் கதவைத் தானே உள்ளேயிருந்து சாத்திக்கொண்டார்.